சவுண்டு எக்கட சார்?

காரில் ஒரு சத்தம் வருகிறது என்று போய்ச் சொல்வதும் கொல்லையில் பாம்பைப் பார்த்தேன் என்று சொல்வதும் ஒன்றுதான். பார்த்தவனுக்குத்தான் அது உண்டு. கம்போடு ஓடி வருகிறவர்களுக்கு ஒருநாளும் தென்படாது. பாம்பு என்றாலாவது நாலு பேர் நம்புவார்கள். கார்ச் சத்தத்தை நம்ப ஆளில்லை.

என் வண்டியின் சத்தம் விடிகாலையில் மட்டும் வரும். சந்திரகிரிக் கோட்டை மலையடியில் ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற கார், பொழுது விடிந்து முதல் தடவை ஸ்டார்ட் ஆகும்போது, பானெட்டுக்குள் டிரைவர் பக்க ஓரத்திலிருந்து 'கரகரகர' என்று கத்தும். இரண்டு விநாடி, மிஞ்சினால் மூன்று. அதற்கப்புறம் நாள் முழுக்க இன்ஜின் பரம சாது. தெருவில் பால் ஊற்றுகிற அம்மாவுக்கே கேட்டுவிட்டது. "ஏண்ணா, வண்டி இப்படி அரைக்குது?" என்றார். எதிர்வீட்டு நாய் தினமும் எழுந்து ஒரு குரல் கொடுத்துவிட்டுப் படுக்கிறது. கேட்காதது ஒரே ஓர் இடத்துக்குத்தான், எந்த இடத்துக்குக் கேட்க வேண்டுமோ அந்த இடத்துக்கு.

அங்கே கேட்கவும் வழியில்லை. சர்வீஸ் சென்டர் இருப்பது திருப்பதியில். இங்கிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் நன்றாகச் சூடேறி, ஆயில் மூலை முடுக்கெல்லாம் ஏறி, வண்டி சத்தம் போட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது. அவர்கள் ஷட்டர் தூக்குவதே ஒன்பது மணிக்கு. அந்த அட்வைசர் பையன் நல்ல பையன்தான். டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இன்ஜினை ஆன் செய்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, "சவுண்டு எக்கட சார்? ஏமீ ராலேதே" என்கிறான். வரவில்லைதான். வராது என்பதைத்தானே அப்பா நானும் சொல்கிறேன்!

அடுத்து, "எப்படி சத்தம் சார்? சொல்லுங்க" என்பான். இந்த இடத்தில்தான் மானம் போகிறது. ஏசி ஓடுகிற ஹாலில், சோபாவில் ஆறேழு பேர் காபி குடித்துக்கொண்டு பார்க்க, பேரன் பேத்தி எடுத்த மனுஷன் வாயைக் கோணிக்கொண்டு கார் மாதிரி கத்த வேண்டும். நான் கத்துவேன். அவன் கேட்டுக்கொள்வான். ஜாப் கார்டில் என்ன ஏறும்? 'இன்ஜின் நாய்ஸ், செக்.' காலையா மாலையா, சூடாகவா குளிர்ந்தா, ஓடும்போதா நிற்கும்போதா, வலமா இடமா, நான் பாடிய பாட்டு முழுக்கவும் அந்த இரண்டு சொல்லில் அடங்கிப்போய் உள்ளே போகும். உள்ளே வேலை செய்கிற டெக்னீசியனை என் கண்ணில் காட்டவே மாட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நோயாளியைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்து ஊசி போடுகிற வைத்தியம்.

ஸ்கேனர் போடுவார்கள். போட்டுவிட்டு, "ஒரு ஃபால்ட் கோடும் இல்லை சார்" என்று ஏதோ நான்தான் பொய்ச் சாட்சி சொல்லிப் பிடிபட்ட மாதிரிப் பார்ப்பார்கள். ஸ்கேனர் எதற்குப் பிறந்தது என்று யாராவது இவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இந்தியாவில் 2010 ஏப்ரலில் முதல் கட்டமாகவும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமாகவும் கார்களுக்குக் கட்டாயமான, இவர்கள் ஸ்கேனர் போட்டுப் படிக்கிற அந்த ஏற்பாடு, முக்கியமாகப் புகைக்குழாயில் வெளியேறும் நச்சு வாயு அளவு மீறுகிறதா என்று கண்காணிக்க வந்தது. சென்சார் அறுந்தால் சொல்லும், சிலிண்டரில் எரியாமல் போனால் சொல்லும். எங்கே எந்த இரும்பு எந்த இரும்பின் மேல் தட்டுகிறது என்பது அதன் வேலையே இல்லை.

இத்தனைக்கும் வண்டிக்குச் சொந்தமாக ஒரு காது இருக்கிறது. நாக் சென்சார் என்று இன்ஜின் பிளாக்கில் ஒரு சின்ன வட்டத்தைப் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். அதனுள் இருக்கும் பீங்கான் வில்லை, அதிர்வு பட்டால் மின்சாரம் உண்டாக்கும். பெட்ரோல் நேரம் கெட்டு வெடித்தால் எழும் அந்தக் குறிப்பிட்ட அதிர்வை அது பிடித்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல, கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைக் கொஞ்சம் தள்ளிப்போடும். அந்த ஒரு சத்தம்தான் அதற்குக் கேட்கும். மற்றது எது கத்தினாலும் காதில் விழாது. சர்வீஸ் சென்டர் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டதோ என்னவோ.

சரி, கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் கை வைக்காமல் இருக்க வேண்டாமா? முதலில் பெல்ட் என்றார்கள். மாற்றினார்கள். பெல்ட் சத்தம் கீச்சென்று இருக்கும்; ஒரு பாட்டில் தண்ணீரை லேசாகத் தெளித்தாலே குரல் மாறும், அதை வைத்தே பெல்ட்டா இல்லையா என்று சொல்லிவிடலாம். பெல்ட் சுற்றுகிற ஆல்டர்நேட்டர், வாட்டர் பம்ப் பேரிங் மேல் சந்தேகம் என்றால் பெல்ட்டையே கழற்றிவிட்டு அரை நிமிஷம் இன்ஜினை ஓட்டிப் பார்க்கலாம். சத்தம் நின்றால் வெளியே, நிற்காவிட்டால் உள்ளே. இதற்குத் தண்ணீரும் ஒரு ஸ்பேனரும் போதும். பில்லில் ஏறுகிற மாதிரி அதில் ஒன்றுமில்லை என்பதுதான் குறை.

பெல்ட்டுக்குப் பிறகு இன்ஜின் மவுண்டிங். அந்த ரப்பர் நைந்தால் வண்டி உதறும், கியர் போடும்போது 'டொக்' என்று இடிக்கும். என் வண்டி உதறவுமில்லை, இடிக்கவுமில்லை. அதற்குப் பிறகு இன்ஜினுக்குள் கரி எடுக்கிற பேக்கேஜ், இன்ஜெக்டர் சுத்தம் செய்கிற பேக்கேஜ், கூடவே ஏசிக்கு வாசனை போடுகிற பேக்கேஜ். இந்த மூன்றாவதுக்கும் காலைச் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "ஆஃபர் ஓடுது சார்" என்றான்.

காணிப்பாக்கம் இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. வரசித்தி விநாயகர் சன்னிதியில் பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணிய மாட்டார்கள் என்று சித்தூர்ப் பக்கம் பரம்பரையாக நம்பிக்கை. கொடுக்கல் வாங்கல் தகராறெல்லாம் அங்கே தீர்ந்திருக்கிறது. சர்வீஸ் சென்டர்க்காரர்கள் எஸ்டிமேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கோயில் குளக்கரையில் நின்று, 'இந்த மவுண்டிங் உண்மையிலேயே போயிருந்தது' என்று ஒரு தடவை சொல்லட்டும். கேட்ட தொகைக்கு மேலேயே கொடுத்துவிட்டு வருகிறேன்.

"ராத்திரி விட்டுட்டுப் போங்க சார், காலையில நாங்களே கேக்குறோம்" என்று ஒரு நாள் சொன்னார்கள். எத்தனை நாளாக நான் மன்றாடியது அது. சந்தோஷமாக விட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்தேன். காலையில் போன் வருகிறது: சத்தம் ஏதும் இல்லை சார், வண்டி ரெடி. விசாரித்தால், விடிந்ததும் வாட்ச்மேன்தான் வண்டியை ஸ்டார்ட் செய்து வாட்டர் வாஷ் பக்கம் நகர்த்தியிருக்கிறார். அந்த முதல் மூன்று விநாடி வாட்ச்மேனுக்குப் போயிற்று. டெக்னீசியன் வந்து ஸ்டார்ட் செய்தது அதற்கு இரண்டு மணி நேரம் கழித்து. வாட்ச்மேனிடமே கேட்டேன். "அவுனு சார், கரகரமனி ஒச்சிந்தி" என்றார் மனுஷன், கூசாமல். ஆனால் அவருக்கு ஜாப் கார்டில் எழுதுகிற அதிகாரம் கிடையாது.

சந்திரகிரியில் வீடு என்றால் இன்னொரு இம்சை உண்டு. சென்னை, வேலூர், காஞ்சிபுரம் என்று உறவு எங்கெங்கே இருக்கிறதோ அத்தனை பேரும் திருப்பதி மலைக்குப் போகும் வழியில் நம் வீட்டில் இறங்குவார்கள். இறங்கிக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு நம் காரில் ஏறுவார்கள். 1974இல் வந்த இரண்டாவது பாதையில் ஏறி, 1944இல் போட்ட பழைய பாதையில் இறங்கி, அலிபிரி வந்து சேர்வதற்குள் ஆளுக்கொரு தீர்ப்பு. சென்னைச் சித்தப்பாவுக்கு எல்லாமே எத்தனால்தான். 2025இல் பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் என்று ஆனதிலிருந்து நாட்டில் எந்த வண்டி தும்மினாலும் அவர் காரணம் சொல்லிவிடுகிறார். மைலேஜ் கொஞ்சம் குறையும், பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களுக்கு ஆகாது என்பதெல்லாம் சரி. ஆனால் எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். நாக்கிங்கைக் குறைக்குமே தவிர, காலையில் மூன்று விநாடி மட்டும் கரகரக்க அதற்கு என்ன வேண்டுதலா? சொன்னால் ஏற்க மாட்டார். மச்சினனோ மலைப்பாதையில் முழு நேரமும் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் கேக்கலையே மாமா, உங்களுக்குக் காதுல ஏதாவது..." என்று இழுக்கிறான். மருமகள் எலெக்ட்ரிக் கார் வாங்கச் சொல்கிறாள். ஐரோப்பாவில் 2019 முதல், சத்தமே வராத அந்த வண்டிகள் மெதுவாகப் போகும்போது செயற்கையாகச் சத்தம் போட வேண்டும் என்று சட்டம். அந்தச் சத்தத்திலும் ஏதாவது கோளாறு வந்தால் நான் எங்கே போவேன்?

ஸ்ரீநிவாச மங்காபுரம் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ரீவாரி மெட்டு வழியாக மலைக்கு 2,388 படிகள். எல்லாரையும் அங்கே இறக்கிவிட்டு நடந்தே போகச் சொல்லலாமா என்று பல தடவை தோன்றியிருக்கிறது.

கடைசியில் காது வைத்துக் கேட்டவர் நம்மூர் பாய்தான். ஹைவே ஓரத்தில் லாரிக்கும் டிராக்டருக்கும் வேலை செய்கிறவர். விஷயத்தைச் சொன்னேன். "இப்பக் கொண்டு வந்து பிரயோஜனம் இல்லை சார். சாவியைத் தொடாம வைங்க, காலையில நான் வரேன்" என்றார். விடிவதற்கு முன்னாலேயே மொபெட்டில் வந்துவிட்டார். வண்டியை ஸ்டார்ட் செய்யுமுன் டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் அளவு பார்த்தார். சரியாக இருந்தது. ஆயில் ஃபில்டரைக் குனிந்து பார்த்து, கம்பெனி ஃபில்டர்தானா என்று கேட்டார். ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் மடிப்பு இருக்குமாம். இன்ஜின் நின்ற பிறகு ஆயில் கீழே வழிந்துவிடாமல் தடுப்பது அதுதான். மட்டமான ஃபில்டரில் அது சரியாக மூடாமல் போனாலும் காலையில் இப்படிக் கத்தும், சில நூறு ரூபாயில் முடிகிற வேலை என்றார். ஃபில்டர் கம்பெனியுடையது, அண்மையில் மாற்றியதும்கூட. அந்தக் கணக்கு தீர்ந்தது.

நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, முனையை டைமிங் செயின் மூடியின் மேல் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு, "அடிங்க சார்" என்றார். ஸ்டார்ட் செய்தேன். கரகரகர. நின்றது. அவ்வளவுதான், அன்றைய வாய்ப்பு முடிந்துபோனது. இந்த நோய்க்கு ஒரு நாளைக்கு ஒரு பரிசோதனைதான். இன்னொரு நாள் விடியலில் வந்து, அதே ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்சம் மேலே, கேம் ஷாஃப்ட் முனையில் வைத்துக் கேட்டார். "மேல கம்மி, கீழ ஜாஸ்தி. செயின் டென்ஷனர் சார். ஆயில் ஏறுற வரைக்கும் செயின் தொளதொளன்னு அடிக்குது."

விஷயம் இவ்வளவுதான். கேம் ஷாஃப்ட்டை ஓட்டுகிற செயினை ஒரு டென்ஷனர் எப்போதும் விறைப்பாக அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அந்த அழுத்தம் பெரும்பாலும் ஆயிலிலிருந்து வருகிறது. இன்ஜின் ஓடினால்தான் பம்ப் ஓடும், பம்ப் ஓடினால்தான் ஆயில் அழுத்தம். ராத்திரியில் அது வடிந்துவிட்டாலும் தளர்ந்துபோகாமல் தாங்கிக்கொள்ள டென்ஷனருக்குள்ளேயே ஒரு வால்வோ பல்லோ இருக்கும். அது தேய்ந்தால் காலையில் ஆயில் ஏறும் வரைக்கும் செயின் தொய்ந்து பக்கத்தில் உள்ள வழிகாட்டிப் பட்டையில் அடிக்கும். இன்று மூன்று விநாடி. கவனிக்காமல் விட்டால் பட்டை தேயும், செயின் நீளும், ஒரு நாள் பல் தாண்டும். பல இன்ஜின்களில் அப்படித் தாண்டினால் பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு திறந்தபடி நிற்கும், இரண்டும் மோதிக்கொள்ளும். வால்வு வளைந்த இன்ஜினுக்கு என்ன செலவாகும் என்று ஒர்க்ஷாப் வாசலில் நிற்கிற யாரைக் கேட்டாலும் பெருமூச்சுதான் பதிலாக வரும்.

பாய் கேட்ட நூறு ரூபாயைக் கொடுத்தேன். சரி பண்ணிக் கொடுங்கள் என்றும் கேட்டேன். தலையை ஆட்டினார். "வாரண்டி இருக்குதுல்ல? நான் மூடியைக் கழட்டினா அவங்க கை கழுவிடுவாங்க." அவர் சொன்னது நியாயம். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு போட்டது. டிராக்டர், கைபேசி, வீட்டுச் சாமான், கார் எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. அந்த ஆண்டு டிசம்பர் 24, நுகர்வோர் தினத்தன்று இணையதளமும் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் காது இருக்கிற பாய்க்குக் கை வைக்கத் துணிச்சல் வரும்படியாகவும், கை வைக்கிறவர்களுக்குக் காது முளைக்கும்படியாகவும் அதில் ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை.

மறுபடி திருப்பதி. மறுபடி அதே ஏசி ஹால். "செயின் டென்ஷனர்" என்றேன். பையன் முகம் மாறிவிட்டது. "யார் சார் சொன்னா?" யார் சொன்னால் என்ன! காலை ஆறு மணிக்கு ஒருத்தன் வந்து கேள் என்றால் டியூட்டி ஒன்பதுக்கு என்கிறார்கள். வாரண்டிக்கு அனுப்ப வீடியோ வேண்டும் என்றார்கள், கிலோமீட்டர் ரீடிங் தெரிய, சத்தத்தோடு. எடுத்தேன். கைபேசியின் மைக்குக்கு மனுஷக் குரலைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல். அதை அடக்குவதற்கென்றே உள்ளே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். வீடியோவில் எதிர்வீட்டு நாய் தெளிவாகக் கேட்கிறது, நான் இருமுவது கேட்கிறது, இன்ஜின் மட்டும் யாரோ வாயைப் பொத்திய மாதிரி. பையன் காதில் ஹெட்போன் வைத்துக் கேட்டுவிட்டு, "டாக் இருக்கு சார்" என்றான்.

செயின் நீண்டு, கிராங்கும் கேமும் ஒன்றுக்கொன்று கணக்குத் தப்பினால் 'பி 0016' என்று கோடு விழும், விழுந்தால் உடனே எடுத்துக்கொள்வோம் என்று அவர்களே சொன்னார்கள். அதாவது பல் தாண்டுகிற எல்லைக்குப் போகட்டும், கம்ப்யூட்டர் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம். நெருப்பு கூரையைப் பிடித்த பிறகுதான் புகையை நம்புவோம் என்பவர்களிடம் என்ன பேசுவது?

சென்னையிலிருந்து டெக்னிகல் ஆள் வந்து கேட்டால்தான் அப்ரூவல் கிடைக்குமாம். இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். 1639இல் தாமர்ல நாயக்கர்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னையில் கடற்கரை இடம் எழுதிக் கொடுத்தபோது அவர்களுக்கு மேலே உட்கார்ந்திருந்தவர் எங்கள் சந்திரகிரி ராஜா. சென்னைக்கு இடம் கொடுத்த ஊரில் இருந்துகொண்டு மூன்று விநாடிச் சத்தத்துக்குச் சென்னையின் அனுமதிக்குக் காத்திருக்கிறேன். ஸ்ரீசிட்டியில் 2016 முதல் வண்டி செய்கிறார்கள், பெனுகொண்டாவில் கார் செய்கிறார்கள், ரேணிகுண்டாப் பக்கம் கரகம்பாடியில் நாடு முழுவதற்கும் பேட்டரி செய்கிறார்கள். செய்ய இத்தனை பேர் உண்டு. செய்ததைக் கேட்க மட்டும் ஒருத்தரும் இல்லை.

அந்த டெக்னிகல் ஆளும் வந்தார். பதினொரு மணிக்கு. சட்டை மடிப்புக் கலையாமல் வந்து, ஓடி ஓடிச் சூடாக இருந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரை இரண்டு தடவை மிதித்துவிட்டுப் போனார். ஜாப் கார்டில் இந்தத் தடவை முழு வாக்கியமே எழுதியிருந்தார்கள்: சத்தம் இயல்பானது, வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது. யாரும் எனக்கு எதையும் விளக்கவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். போடாவிட்டால் கேட் பாஸ் வராது என்றார்கள். 'விளக்கத்தை ஏற்கவில்லை, காலையில் சத்தம் வருகிறது' என்று தமிழில் எழுதி அதற்குக் கீழே போட்டேன். பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஒரு வழி சொல்லியிருக்கிறேன். வண்டியைச் சாயங்காலம் கொண்டு வந்து விடுகிறேன். சாவி என் பையில். வாட்டர் வாஷ் வேண்டாம், ஆஃபர் வேண்டாம், ஏசிக்கு வாசனையும் வேண்டாம். காலையில் நானே வருகிறேன், டெக்னீசியன் ஒருத்தர் என் பக்கத்தில் நிற்கட்டும், மூன்று விநாடி போதும். பையன் மேனேஜரைக் கேட்டுக்கொண்டு வந்தான். இப்போது ஆள் இல்லையாம், புரட்டாசிக் கூட்டம், டெக்னீசியன்கள் பாதிப் பேர் லீவு. "பிரம்மோற்சவம் முடிஞ்சதும் கட்டாயம் பண்ணிடலாம் சார், ஃபர்ஸ்ட் உங்க வண்டிதான்." என் வாரண்டி அதே பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்கு இரண்டு நாள் முன்னால் முடிகிறது. அந்தத் தேதி அவன் கையில் இருந்த ஜாப் கார்டிலேயே, என் பெயருக்கு நேர் கீழே, அச்சாகி இருக்கிறது.